பழைய பிக்கப்: பெயின்ட்டை விடுங்கள், சேஸிஸ் எண்ணைப் பாருங்கள்

''காய்கறி ஏற்ற, 10 வருடம் ஓடிய பிக்கப் வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. எஃப்.சி முடிந்துவிட்டது. 'நீங்களே காட்டிக்கொள்ளுங்கள்' என்கிறார் விற்பவர். வாங்கலாமா?''

விற்பவரே எஃப்.சி காட்டித் தரட்டும். சரக்கு வண்டிக்கு 8 வருடம் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி, அதற்குமேல் ஆண்டுதோறும். பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, புகை என எதில் தவறினாலும் செலவு வாங்கியவர் தலையில்தான்.

அதைவிட முக்கியம் சேஸிஸ் எண். ஆர்.சி-யில் உள்ள 17 இலக்கமும் வண்டியின் சேஸிஸில் அடித்திருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். துருவைத் துடைத்துவிட்டு, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் பதிந்துவிடும். அதில் ஐ, ஓ, கியூ எழுத்துகள் வராது. ஓ போலத் தெரிவது பூஜ்ஜியம். ஓர் எழுத்து மாறியிருந்தால், 'டைப்பிங் தவறு' என்பார்கள். தவறுதான் என்றால், ஆர்.டி.ஓ அலுவலகத்தில் அவர்களே திருத்தி வாங்கி வரட்டும். எண் இருக்கும் இடத்தில் மட்டும் ராவிய தடமோ, வெல்டிங்கோ, புதுப் பெயின்ட்டோ தெரிந்தால் அட்வான்ஸே கொடுக்க வேண்டாம். திருட்டு வண்டி என்றால் வண்டியும் போகும், பணமும் போகும்.

இன்ஜின் மாற்றியிருந்தால், புது எண் ஆர்.சி-யில் ஏறியிருக்க வேண்டும். கடன் கொடுத்த வங்கியின் பெயர் அதில் இருந்தால், தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம்.