அறிவு பொதுச் சொத்து. மருந்து யார் சொத்து?

ஆலையில் சங்கு ஊதினால் தொழிலாளி உள்ளே போகிறான். மறு சங்கு ஊதினால் வெளியே வருகிறான். நம் உடலின் உயிரணுக்களும் இப்படித்தான். ‘பெருகு’ என்று சைகை வந்தால் ஒன்று இரண்டாகும். ‘நிறுத்து’ என்றால் நிற்கும். மார்பகப் புற்றுநோயிலோ நிறுத்தும் சைகை எடுபடுவதில்லை. பெரும்பாலான மார்பகப் புற்றுகளில் பெருகச் சொல்லும் சைகையைக் கொண்டுவருவது ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன்.

1895ல் கிளாஸ்கோ டாக்டர் பீட்சன், நோய் முற்றிய ஒரு பெண்ணின் சினைப்பைகளை அகற்றினார், கட்டி சுருங்கியது. ஈஸ்ட்ரோஜென் என்ற பெயரே அன்று கிடையாது! 1960களில் இங்கிலாந்தில் கருத்தடைக்கென்று செய்து பார்த்த தாமாக்சிஃபென் அதற்கு உதவவில்லை. ஆனால், ஈஸ்ட்ரோஜென் வந்து உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு சைகையைத் தடுத்தது. இன்று அது மலிவான மாத்திரை. காப்புரிமை என்றோ காலாவதியாகிவிட்டது, அதனால்!

சைகை கடைசியாக வந்து சேரும் வாசற்கதவு ஒன்று உண்டு. அதைத் திறக்கும் புரதங்களை ஈஸ்ட்டிலும் கடல் முள்ளெலியின் முட்டையிலும் கண்டறிந்ததற்காக 2001ல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் நர்ஸும் ஹண்ட்டும் பொதுமக்கள் நன்கொடையில் நடந்த பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்கள். சாதாரண ஜனங்கள் போட்ட காசு! அந்த அறிவின் மேல் நின்றுதான் கம்பெனிகள் கதவைப் பூட்டும் மாத்திரைகளைச் செய்தன. செய்ததை நாம் குறை கூறவில்லை. விலையைத்தான் கேட்கிறோம்.

2022ல் நோயுற்ற ஒரு பெண்மணி கேரள ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். ரிபோசிக்ளிப் என்ற இத்தகைய மாத்திரைக்கு அப்போது மாதம் 58,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. உள்நாட்டிலேயே செய்ய சர்க்கார் கட்டாய லைசென்ஸ் கொடுக்கட்டும் என்பது அவர் கோரிக்கை. வயலில் நாற்று நடுகிறவளும் மில்லில் நூல் இழைக்கிறவளும் இந்தத் தொகையை எந்த ஜன்மத்தில் பார்ப்பது?

இது நடவாத காரியமல்ல. 2012ல் ஈரல், சிறுநீரகப் புற்றுநோய் மருந்தான சோராஃபெனிப்புக்கு அந்த லைசென்ஸ் கொடுத்தார்கள். மாதம் 2,80,000 ரூபாயாக இருந்த மருந்தை உள்நாட்டுக் கம்பெனி 8,880 ரூபாய்க்குக் கொடுத்தது. வானம் இடிந்து விழுந்துவிட்டதா? 2023 ஜனவரியில் பால்போசிக்ளிப் மாத்திரையின் காப்புரிமை முடிந்ததும் அதன் விலையும் சரிந்தது. செய்வதற்குச் செலவு அதிகம் என்ற பேச்சு எங்கே போயிற்று?

1970ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 92வது, 100வது பிரிவுகள் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருக்கின்றன. நாம் புதுச் சட்டம் கேட்கவில்லை. இருப்பதைக் கையில் எடுக்கத்தான் சொல்கிறோம்.

அந்தப் பெண்மணி 2022 செப்டம்பரில், வழக்கு முடியுமுன்பே, இறந்து போனார்.