தியானி, கேள்வி கேட்காதே

விவிலியத்தை ஆராய்வது குருக்களின் வேலை, அதைத் தியானிப்பது பெண்களின் வேலை. யாரும் இப்படி எழுதிவைக்கவில்லை. ஆனால் கள்ளக்குறிச்சிப் பக்கம் நான் பார்த்த பங்குகளில் நடப்பது இதுதான். குருமடத்தில் ஆண்கள் மெய்யியலும் இறையியலும் ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள். எங்களுக்குக் கிடைப்பது தவக்காலத் தியானமும், செபமாலையும், கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் மறையுரையும். இந்தப் பிரிவினையைத்தான் எதிர்க்கிறேன். தியானத்தை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

ஏனென்றால் தியானம் படிப்பின் ஒரு வழி. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற கார்த்தூசியத் துறவி அதை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். முதலில் வாசிப்பு, பிறகு தியானம், பிறகு செபம், கடைசியில் இறைவனில் இளைப்பாறுதல். முதல் படியில் கால் வைக்காமல் மூன்றாம் படிக்குத் தாவ முடியாது. எங்களை நேரே செபத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஏணியின் அடியை மட்டும் யாரோ எடுத்துப்போய்விட்டார்கள்.

தியானம் என்றால் வாயை மூடிக்கொள்வது என்பதும் பொய். முதல் திருப்பாடலில் 'தியானித்தல்' என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது 'ஹாகா' என்ற சொல். வாய்க்குள் முணுமுணுத்தல் என்று அதற்குப் பொருள். எசாயா 31ஆம் அதிகாரத்தில் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் இதே சொல்தான் வருகிறது. உறுமத் தெரிந்த சொல்லை எங்களுக்கு மட்டும் மௌனம் என்று மொழிபெயர்த்துக் கொடுத்தது யார்?

அடுத்த கேள்வி, எதைத் தியானிப்பது? அன்றன்றைய திருப்பலி வாசகத்தை என்பார்கள். அந்த வாசகம் எங்கள் கைக்கு வரும்முன்பே வெட்டப்பட்டிருக்கிறது. ஒற்றைப்படை ஆண்டுகளில் பொதுக்காலம் 15ஆம் வாரத் திங்களன்று விடுதலைப் பயணம் முதல் அதிகாரம் வாசிக்கப்படும். 14ஆம் வசனம் முடிந்ததும் வாசகம் 22க்குத் தாவிவிடும். தாண்டப்பட்ட ஏழு வசனங்களில் சிப்ரா, பூவா என்ற இரண்டு மருத்துவச்சிகள் இருக்கிறார்கள். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனின் ஆணையை மீறி, அவனிடமே சாமர்த்தியமாகப் பதில் சொன்னவர்கள். மன்னன் யோசியாவின் ஆட்கள் திருச்சட்ட நூலை எடுத்துக்கொண்டு விளக்கம் கேட்கப் போனது குல்தா என்ற பெண் இறைவாக்கினரிடம். வாரநாள் வாசகத்தில் அவரும் இல்லை. உரோமையர் 16ஆம் அதிகாரம் பெயிபா என்ற திருத்தொண்டரோடு தொடங்குகிறது. வாரநாள் வாசகமோ அவரை விட்டுவிட்டு மூன்றாம் வசனத்தில் தொடங்குகிறது.

கல்வராயன் மலையில் ஜாகீர்தாரி முறை 1976 வரை இருந்தது. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தன. வெள்ளிமலையில் ஒரு பாட்டியிடம், அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், எகிப்தில் செங்கல் அறுத்தவர்களின் கதையைச் சொல்லிப் பாருங்கள். உரை நூல் எதுவும் அவருக்குத் தேவைப்படாது. வேலை வாங்கியவனையும் தெரியும், பேறுகாலத்தில் கைகொடுத்த பெண்ணையும் தெரியும். அப்படிப்பட்ட கேட்பவருக்கு மருத்துவச்சிகளை மறைத்துவிட்டுக் கதை சொன்னால், அடிமைத்தனம் மட்டும் மிஞ்சும், அதை மீறிய கை மிஞ்சாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்களில் பெண்களும் உண்டு. அதற்குப் பிறகு ஒரு செபக்கூட்டத்தில், "அன்னாவைப் போல அழுது செபியுங்கள், குடிக்கிற கணவன் திருந்துவான்" என்று பெண்களுக்குச் சொல்லப்பட்டதை நானே கேட்டேன். 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை முழுதாகப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அன்னாவின் உதடு அசைகிறது, குரல் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் குரு ஏலி அதட்டுகிறார். அன்னா தலைகுனிந்து போய்விடவில்லை. நான் குடிக்கவில்லை, என் உள்ளத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன், என்னைக் கேவலமாக எண்ணாதீர் என்று மறுத்துச் சொல்கிறார். ஏலிதான் இறங்கி வந்து வாழ்த்தி அனுப்புகிறார். அன்னாவைத் தியானிப்பது என்றால் குருவைத் திருத்திய அந்தப் பதிலையும் சேர்த்துத்தான். சாராயம் விற்றவன் யார், விற்கவிட்டவன் யார் என்று கேட்பதும் அந்தச் செபத்தின் தொடர்ச்சியே.

"இது அரசியல், ஆன்மிகம் இல்லை" என்பார்கள். பெண்ணின் கண்ணீரைப் பொறுமையின் பக்கம் திருப்பிவிடுவது மட்டும் அரசியல் இல்லையா? வேலை முடிந்து படுக்கப் போகும்முன் கிடைக்கும் பத்து நிமிட அமைதி எனக்கும் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்ன யோசிக்கலாம் என்பதை இன்னொருவர் வெட்டித்தரக் கூடாது.

ஆகவே அன்பியக் கூட்டத்துக்குப் போகும் பெண்களிடமும், இறையியல் படிக்கும் மாணவிகளிடமும் கேட்கிறேன். வாசகத் தாளை மடித்துவைத்துவிட்டு முழு அதிகாரத்தையும் திறவுங்கள். எழுத்துத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படிக்கட்டும், தெரியாதவர்கள் திரும்பச் சொல்லட்டும். 'ஹாகா' அப்படிப்பட்ட வாய்ப்படிப்புதான். எந்த வசனம் தாண்டப்பட்டது, அதில் யார் இருந்தார், அவருடைய வேலையை நம் ஊரில் செய்பவர் யார் என்று கேளுங்கள். பிறகு கண்ணை மூடுங்கள். அப்போது செபிக்க நமக்குச் சொந்தமாக ஏதாவது இருக்கும்.