குடலில் இருக்கும் 'நச்சு' குழந்தைக்கு நல்லதா? பின்லாந்து எல்லையில் கிடைத்த துப்பு!

நச்சு என்றாலே உடம்பை விட்டு வெளியே தள்ள வேண்டிய ஒன்று என்றுதான் நமக்குத் தெரியும். 'டீடாக்ஸ்' ஜூஸ் விற்பவர்களும் அதைச் சொல்லித்தான் காசு பார்க்கிறார்கள். ஆனால், குடல் பாக்டீரியாவின் நச்சு ஒன்று, குழந்தையின் நோய் எதிர்ப்பு சக்திக்கு வாத்தியாராகவும் இருக்கலாம் என்கிறது 2016-ல் 'செல்' அறிவியல் இதழில் வெளியான ஆய்வு.

உலகிலேயே குழந்தைகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் மிக அதிகமாக வரும் நாடு பின்லாந்து. எல்லையைத் தாண்டினால் ரஷ்யாவின் கரேலியா. அதே குளிர், ஏறக்குறைய அதே மரபணு ஆபத்து. ஆனால் நோய் மட்டும் அங்கே சுமார் ஆறில் ஒரு பங்குதான்!

டைப் 1 என்பது இனிப்பு சாப்பிட்டு வருவது அல்ல. இன்சுலின் சுரக்கும் கணைய செல்களை நம்முடைய நோய் எதிர்ப்பு செல்களே எதிரி என நினைத்து அழித்துவிடுகின்றன. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க இன்சுலின்தான்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அப்படி என்ன வித்தியாசம்? பின்லாந்து, எஸ்டோனியா, கரேலியா என இடத்துக்கு 74 பேர் வீதம் 222 குழந்தைகளின் மல மாதிரிகளை 3 வயது வரை விஞ்ஞானிகள் சோதித்தார்கள்.

விடை 'எல்.பி.எஸ்.' என்ற நச்சில் இருந்தது. சில வகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலேயே இருக்கும் பொருள் இது. ரத்தத்தில் அதிகமாகக் கலந்தால் காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, உயிருக்கே ஆபத்து. குடலுக்குள் இருக்கும்வரை கதை வேறு. ஈ.கோலை பாக்டீரியாவின் எல்.பி.எஸ்.ஸில் 6 கொழுப்புச் சங்கிலிகள் உண்டு. அது பட்டதும் நோய் எதிர்ப்பு செல்களில் அலாரம் அடிக்கும். அடிக்கடி அடித்தால் செல்களுக்குப் பழகிவிடும். தொட்டதற்கெல்லாம் அழற்சியைக் கிளப்பாது. பாக்டீராய்டஸ் வகையின் எல்.பி.எஸ்.ஸில் சங்கிலிகள் 4 அல்லது 5தான். அது அலாரத்தை அடிக்காது என்பதோடு, ஈ.கோலை அடிக்க வந்தாலும் தடுத்துவிடும்.

பின்லாந்து, எஸ்டோனியா குழந்தைகளின் குடலில் பாக்டீராய்டஸ் ஆதிக்கம். கரேலியாவில் அப்படி இல்லை. அதாவது, பின்லாந்து குழந்தைகளின் நோய் எதிர்ப்பு சக்திக்கு ஒத்திகையே நடக்கவில்லை!

சர்க்கரை நோய் வரும்படி வளர்க்கப்பட்ட எலிகளுக்கு ஈ.கோலை எல்.பி.எஸ். கொடுத்தபோது நோய் குறைந்தது. பாக்டீராய்டஸ் நச்சு கொடுத்த எலிகளுக்கு அந்தப் பலன் இல்லை.

அப்போ குழந்தையை அழுக்கில் விட்டால் போதுமா? கூடவே கூடாது. ஈ.கோலையில் சில ரகங்கள் ரத்த வயிற்றுப்போக்கையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். தவிர, பலன் தெரிந்தது எலிகளில்தான். 2018-ல் 4 நாடுகளில் 783 குழந்தைகளை வைத்து வெளியான பெரிய ஆய்விலும், 'இதுதான் குற்றவாளி' என ஒரே ஒரு பாக்டீரியா சிக்கவில்லை. ஆக, இதை நம்பி மருந்தோ புரோபயாடிக் பவுடரோ வாங்குவதற்கு இப்போதைக்கு ஆதாரம் இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறு. குழந்தைக்குத் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், நிறுத்தியிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புவது, காரணமில்லாமல் எடை குறைவது - இவை தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டி ரத்த சர்க்கரையைப் பரிசோதித்துவிடுங்கள்.