தொட்டியின் சூடு யார் கணக்கில்?

கடல் மீன் தொட்டி வியாபாரத்தில் இறங்கும் எம்மவர்கள் முதலில் விசாரிப்பது கண்ணாடியின் விலையையும் விளக்கின் விலையையும்தான். தண்ணீரின் வெப்பநிலையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நட்டமோ பெரும்பாலும் அந்த வழியாகவே வருகிறது.

பவளப்பாறைத் தொட்டிக்கு 25 முதல் 27 செல்சியஸ் பாகை பொருத்தமானது. கொழும்பில் மூடிய அறையொன்றில், மோட்டரும் விளக்கும் சேர்ந்து சூடாக்கும் தொட்டி 30ஐத் தாண்டுவது பெரிய விடயமல்ல. "எங்கள் கடலும் 29 பாகைதானே" என்று சிலர் வாதிடுகிறார்கள். கடலில் அலையும் நீரோட்டமும் உண்டு. 200 லீற்றர் தொட்டிக்கு அந்த வசதி ஏது?

25 பாகையில் ஒரு லீற்றர் கடல் நீரில் சுமார் 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் 6.2தான். வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அதே சூட்டில் மீனுக்குக் கூடுதல் ஒட்சிசன் தேவைப்படுகிறது. கழிவும் கூடுகிறது, அமோனியாவின் நஞ்சும் ஏறுகிறது. வரவு குறையும்போதே செலவு ஏறும் கடையின் நிலைதான். இரவில் ஏ.ஸி.யை நிறுத்திவிட்டுக் கடையைப் பூட்டிச் சென்றவர் காலையில் வந்து பார்த்தால், மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்தபடி நிற்கும்.

பவளத்தின் பாடு இன்னும் மோசம். வழக்கமான வெயில்கால உச்சத்தைவிட ஒரேயொரு பாகை சில வாரங்கள் கூடியிருந்தால் போதும், தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுத்துவிடும். 1998இல் ஹிக்கடுவையில் கடலே அப்படிச் செய்தது. (எமது கடலில் பவளம் உடைத்தெடுப்பது குற்றம் என்பதை வியாபாரிகளுக்கு நினைவூட்டத் தேவையில்லை.)

மலிவான வழி மின்விசிறி. நீர் ஆவியாகும்போது இரண்டொரு பாகை குறையும்; ஈரப்பதம் கூடிய நாட்களில் அதுவும் கிடைக்காது. ஆவியாவது நன்னீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நன்னீரே ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றித் தொட்டியைக் கெடுப்பவர்கள் இன்றும் உண்டு. ஐஸ் கட்டியைப் போட்டுத் திடீரெனக் குளிரவைப்பது அதைவிடக் கேடு.

ஹோட்டலுக்குத் தொட்டி அமைக்க மதிப்பீடு கொடுக்கும்போது குளிரூட்டும் சில்லரை விட்டுவிட்டால் தொகை குறைவாகத் தெரியும், ஓடரும் கிடைக்கும். இது நாணயமான வியாபாரமல்ல என்பது என் கருத்து. சில மாதங்களில் மீன் செத்தால் பழி மீனின்மீது போடப்படும். சில்லரின் விலையையும் மாதாந்த மின்கட்டணத்தையும் எழுதிக் கொடுங்கள். அதனால் ஓடர் போனால் போகட்டும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படியான வேளையில் சில்லர் ஓடாது. பற்றரியில் இயங்கும் சிறிய காற்று மோட்டராவது ஓட வேண்டும். அதையும் அந்த மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடலாம்.

ஏற்றுமதி செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொலித்தீன் பையில் இருப்பது கொஞ்சத் தண்ணீர், மிக விரைவாகச் சூடாகும். கட்டுநாயக்க போகும் வழியில் சாரதி தேநீர் குடிக்க நிறுத்தும்போது, ரெஜிபோம் பெட்டிகள் ஏற்றிய வேனை நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள்.