நிலவு மண்ணும் பூட்டிக் கிடக்கும் ஆய்வகமும்

அன்பு மாணவர்களே, உறவினர்களே,

ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி நாள் வந்தாலே நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்திதான்: "நிலவு மண்ணும் நாமக்கல் மண்ணும் ஒன்று!" பெருமைப்பட இடம் உண்டு, மறுக்கவில்லை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத்தான் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு நம் திருச்சி என்.ஐ.டி.க்கும் அதில் பங்குண்டு.

ஆனால் இரண்டும் ஒரே மாதிரி என்று எப்படித் தெரியும்? அளந்ததால். அளந்த கருவி சரி என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

2023இல் பிரக்யான் ரோவரில் போன ஏ.பி.எக்ஸ்.எஸ். கருவி, ஆமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது. அதிலுள்ள கியூரியம்-244, ஆல்பா துகள்களையும் எக்ஸ் கதிர்களையும் மண்மேல் வீசும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரைத் திருப்பி அனுப்பும். எந்த ஆற்றலில் எத்தனை வந்தது என்ற எண்ணிக்கைதான் கருவிக்குத் தெரியும். அதைச் "இரும்பு இத்தனை சதவீதம்" என்று மாற்ற வேண்டுமானால், உள்ளடக்கம் முன்பே தெரிந்த பாறைகளை அதன் முன் வைத்து அளந்து பார்த்திருக்க வேண்டும். இதுதான் காலிபரேஷன். செவ்வாயில் இருக்கும் கியூரியாசிட்டி ரோவர், கருவியை அங்கேயே சரிபார்க்கப் பூமியின் பசால்ட் கல் ஒன்றைக் கூடவே கொண்டு போயிருக்கிறது.

பிரக்யான் சுமார் 103 மீட்டர் ஓடி 23 இடங்களில் அளந்தது. 2024இல் 'நேச்சர்' இதழ் அந்த முடிவுகளை வெளியிட்டது. இந்தச் சரிபார்ப்பு இல்லாவிட்டால் அவை வெறும் எண்கள்.

பெரிய கடைவீதி நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ் கதிர் மெஷினுக்கும் இதே விதிதான். தரம் தெரிந்த தங்கத்தை வைத்துச் சரிபார்க்காத மெஷினை நம்பி நகையைக் கொடுப்பீர்களா?

அப்படியானால் பிள்ளைகளின் படிப்பில் மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்? திருகு அளவியில் சுழிப்பிழை பார்க்காமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். தனி ஊசலில் 9.8 வர வேண்டும் என்று விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நேரத்தை நிரப்புகிறார்கள். "ப்ராக்டிகல்ல எல்லாருக்கும் ஃபுல் மார்க்தான் பெரியப்பா, நீட் கோச்சிங்குக்கு நேரம் போதலை" என்கிறான் என் தம்பி மகன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வகத்தைப் பூட்டி வைத்துவிட்டு மதிப்பெண் போடும் பெரியவர்கள்தான் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்கள். இப்படி வளரும் பிள்ளை நாளை கருவி செய்ய மாட்டான். கருவி சொன்னதைக் கேள்வி கேட்கவும் மாட்டான்.

உங்களில் பலர் இன்று பெற்றோர், சிலர் ஆசிரியர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் பட்டியல் கேட்கும் முன், "ஆய்வகம் வாரத்துக்கு எத்தனை நாள் திறக்கிறது?" என்று கேளுங்கள். 9.6 என்று வந்ததை 9.6 என்றே எழுதி, ஏன் குறைந்தது என்று யோசிக்கும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். நாமக்கல் மண்ணைப் பற்றிய ஃபார்வர்டு அதன் பிறகு வரட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் ஆசிரியர்,
ஸ்ரீரங்கம்