அரக்கன் முதலா, மனிதன் முதலா?

கணினித் திரையில் சிற்பம் செய்யப் பழகுகிறவர்களில் பலர் ஓர் அரக்கன் தலையில்தான் தொடங்குகிறார்கள். கொம்பு, கோரைப்பல், சுருங்கிய நெற்றி என்று சில நாட்களில் ஓர் உருவம் வந்துவிடுகிறது. பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். அடுத்ததாக அதே ஆள் ஒரு மனித முகத்தைச் செய்கிறார். அது உயிரில்லாமல் வந்து நிற்கிறது. எங்கே பிழை என்று செய்தவருக்குத் தெரியவில்லை, பார்ப்பவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிழை இருக்கிறது என்பது மட்டும் இருவருக்கும் உடனே தெரிந்துவிடுகிறது. இந்த வித்தியாசம் ஏன் வருகிறது? எதை முன்னால் கற்பது, எதைப் பின்னால் கற்பது? இதற்கு விடை காண, முதலில் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

டிஜிட்டல் சிற்பத்தில் களிமண் கிடையாது. இருப்பது மெஷ். முப்பரிமாண வெளியில் ஏராளமான புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், கோடுகளுக்கு நடுவே சின்னச்சின்ன நாற்கோண அல்லது முக்கோண முகப்புகள். இந்த முகப்புகள் சேர்ந்து உண்டாகும் மேற்பரப்பைத்தான் மெஷ் என்கிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, வெற்றிடம்தான். டிஜிட்டல் பேனாவால் ஓரிடத்தைத் தேய்த்தால், பேனா முனையைச் சுற்றிய வட்டத்துக்குள் அகப்பட்ட புள்ளிகளை மென்பொருள் வெளியே தள்ளும் அல்லது உள்ளே அழுத்தும். எந்தத் திசையில் தள்ளுவது, எவ்வளவு தள்ளுவது, வட்டத்தின் விளிம்பை நெருங்க நெருங்க அந்த விசை எப்படிக் குறைவது என்பதைத் தீர்மானிக்கும் விதிகளின் தொகுப்புக்கு பிரஷ் என்று பெயர். கிளே பிரஷ் சதை சேர்க்கும். கிராப் பிரஷ் பிடித்து இழுக்கும். ஸ்மூத் பிரஷ் மேடுபள்ளத்தைத் தணிக்கும். கிரீஸ் பிரஷ் கூரான மடிப்பைக் கீறும். மென்பொருளில் பிரஷ்கள் எத்தனையோ இருக்கும், ஆனால் ஒரு தலையை முடிக்க இந்த நான்கே பெரும்பாலும் போதும். பேனாவை அழுத்தும் பலத்தை டேப்லெட் உணர்ந்து விசையைக் கூட்டிக் குறைக்கிறது. மவுசால் அது முடியாது. பேனா டேப்லெட் இல்லாமல் இந்தக் கலையைக் கற்பது மிகக் கடினம் என்று சொல்வது இதனால்தான்.

இனி முகப்புகளின் எண்ணிக்கை. ஒரு கனசதுரத்துக்கு 6 முகப்புகள். ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்தால் 24. இன்னொரு முறை பிரித்தால் 96. இப்படிப் பிரித்துக்கொண்டே போய், கூடவே மூலைகளை மழுக்கி வளைவாக்கும் முறைக்கு சப்டிவிஷன் என்று பெயர். எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்ட கணக்குமுறை இதற்கு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஒன்பதாவது முறை பிரித்து முடிக்கும்போது அந்தக் கனசதுரத்தில் 15,72,864 முகப்புகள் இருக்கும். தோலின் நுண்துளைகள் தெரிய வேண்டுமானால் இந்த அளவு தேவைப்படும், சில வேளை இதற்கு மேலும்.

கற்பவருக்கான முதல் பாடம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. முகப்புகள் குறைவாக இருக்கையில் பெரிய மாற்றங்கள் எளிது. தாடையைச் சற்றே கீழிறக்கப் பத்துப் புள்ளிகளை இழுத்தால் முடிந்தது. முகப்புகள் லட்சக்கணக்கில் பெருகியபின் அதே தாடையை இழுத்தால் மேற்பரப்பு கட்டிகட்டியாகக் கரடுதட்டும். ஆகவே வேலையை மூன்று நிலைகளாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். மண்டையின் உருண்டை, தாடையின் ஆப்பு வடிவம், கழுத்தின் உருளை போன்ற பெரும் பருமன்கள் முதல்நிலை. கன்ன எலும்பின் விளிம்பு, இமை, மூக்கின் பக்கவாட்டு, தசைகள் சந்திக்கும் எல்லை ஆகியவை இரண்டாம்நிலை. சுருக்கம், தழும்பு, நுண்துளை மூன்றாம்நிலை. புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் மூன்றாம்நிலைக்கு அவசரப்படுகிறார். சுருக்கம் போட்டவுடன் பட்ட உழைப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, அதுதான் காரணம். முதல்நிலையில் உள்ள பிழையைச் சுருக்கங்கள் ஒருபோதும் சரிசெய்வதில்லை.

இந்தக் கருவிகளின் வரலாறு நீளமானதல்ல. 1993இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் காலத்தில் கலைஞர்கள் களிமண்ணில் மாதிரி செய்து, அதிலிருந்து உருவத்தை ஸ்கேன் செய்து கணினிக்குள் கொண்டுவந்தார்கள். 1999இல் பிக்ஸோலாஜிக் நிறுவனம் இசட்பிரஷ் மென்பொருளை அறிமுகம் செய்தது. அதை வடிவமைத்த ஓஃபர் அலோனுக்கு 2014இல் ஆஸ்கர் அகாதெமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. இசட்பிரஷ் இப்போது மேக்ஸான் நிறுவனத்திடம் இருக்கிறது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளிலும் சிற்பம் செய்வதற்கான தனிப் பகுதி உண்டு. கையடக்கக் கருவிகளுக்கு நோமட் ஸ்கல்ப்ட் வந்திருக்கிறது. எதில் கற்றாலும் அடிப்படை ஒன்றுதான்.

அரக்கன் ஏன் எளிதாக வருகிறான்? அரக்கனின் மூக்கு எங்கே இருக்க வேண்டும் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. ஒரு பக்கத் தாடை பெருத்துவிட்டால் அதுவே அவனுடைய அடையாளமாகிவிடும். கண் ஆழத்தில் போய்விட்டால் கொடூரம் கூடியதாகத் தோன்றும். இது தொடக்கத்தில் பெரிய உதவி. பிரஷ்ஷின் அழுத்தத்துக்குக் கை பழக வேண்டும், உருவத்தைச் சுற்றிச்சுற்றிப் பார்க்கக் கண் பழக வேண்டும். பிழையைப் பற்றிய பயம் இல்லாத இடத்தில் இவை விரைவாகப் பழகும். ஆனால் இதே சலுகைதான் கற்பவரை ஏமாற்றவும் செய்கிறது. தற்செயலாக நேர்ந்தது எது, தான் தெரிந்தே செய்தது எது என்று அவருக்கே பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது.

பார்ப்பவரை நம்பவைக்கும் அரக்கன் வேறு வகை. 2006இல் வந்த பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் தொடரின் இரண்டாம் படத்தில் டேவி ஜோன்ஸ் என்ற கப்பல் தலைவன் வருகிறான். தாடி இருக்க வேண்டிய இடத்தில் ஆக்டோபஸின் கைகள் நெளிகின்றன. ஒரு கை நண்டின் கொடுக்கு. முழுக்கக் கணினியில் உருவான அந்த முகத்தை, நடிகர் பில் நை போட்டுக்கொண்ட ஒப்பனை என்று நினைத்தவர்கள் உண்டு. அந்தப் படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. அந்த முகத்தை உற்றுப் பார்த்தால், கண்கள், இமைகள், புருவ மேடு, கன்னத்தின் அசைவு எல்லாம் மனித முகத்தின் ஒழுங்கிலேயே இருப்பது தெரியும். விசித்திரம் அந்த ஒழுங்கின்மேல் அமர்ந்திருக்கிறது.

உயிரினங்களை வடிவமைப்பவர்கள் விலங்கியலைப் படிப்பதும் இதற்காகத்தான். 1999இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு உயிரினங்களை வடிவமைத்த டெரில் விட்லாட்ச் விலங்கியல் பயின்றவர். ஆட்டுக்கால் கொண்ட அரக்கனைப் புதியவர் ஒருவர் செய்யும்போது முழங்கால் பின்பக்கம் மடிவதாக நினைத்துக்கொள்கிறார். ஆடு, குதிரை, நாய் ஆகியவற்றின் காலில் பின்னோக்கி மடிவது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது, அது நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் மடிகிறது. இதை அறிந்து செய்த கால் நடக்கும் என்று பார்ப்பவர் நம்புகிறார். சிறகும் அப்படித்தான். பறவையின் சிறகு அதன் கை. வௌவாலின் சிறகு, நீண்ட விரல் எலும்புகளுக்கு நடுவே விரிந்த தோல். இரண்டு கைகளும் இருந்து முதுகில் சிறகும் வேண்டுமென்றால், இன்னொரு ஜோடித் தோள்களுக்கும் அவற்றை அசைக்கும் தசைகளுக்கும் மார்பில் இடம் தேட வேண்டியிருக்கும். கோரைப்பல் நீளமென்றால் அதன் வேர் புதையத் தாடையில் ஆழம் வேண்டும், வாயை மூடவும் வழி வேண்டும்.

நம் கோயில் மண்டபத் தூண்களில் நிற்கும் யாளியை இதற்கு ஒரு நல்ல பயிற்சியாகச் சொல்வேன். சிங்க உடலும் துதிக்கையும் சேர்ந்த யாளியைத் திரையில் செய்யும்போது, துதிக்கை எங்கிருந்து புறப்படுகிறது என்ற கேள்வி வரும். யானையின் துதிக்கை மூக்கும் மேலுதடும் சேர்ந்த தசை, அதற்குள் எலும்பு இல்லை. ஆகவே அது நெற்றிக்குக் கீழே கண்களுக்கு நடுவிலிருந்தே இறங்க வேண்டும். சிங்கத்தின் மூக்கு நுனியில் கொண்டுபோய் ஒட்டினால் ஒட்டியதாகவே தெரியும்.

இனி மனித முகம். பிறந்த சில நாட்களிலேயே குழந்தை முகம் போன்ற வடிவங்களை நாடிப் பார்க்கிறது. வாழ்நாள் முழுக்க நாம் முகங்களைப் படித்துக்கொண்டே இருக்கிறோம். ஒரு மில்லிமீட்டர் விலகல்கூட நமக்கு உறுத்துகிறது. மனிதனை மிகவும் நெருங்கி, ஆனால் முழுதாக எட்டாத உருவம் ஒருவித அச்சத்தைத் தருகிறது என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதினார். மனித முகத்தைச் செய்யும் ஒவ்வொருவரும் அந்த இடத்தைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது.

அடிக்கடி நேரும் பிழைகளுக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவே ஒரு கோடு போட்டால், வளர்ந்தவரின் கண்கள் ஏறத்தாழ அந்தக் கோட்டிலேயே இருக்கும். கற்பவர் அதைவிட மேலே வைத்துவிடுகிறார். நம் கவனம் எப்போதும் முகத்தில்தான், முடிக்குள் மறைந்திருக்கும் மண்டையை நாம் பார்ப்பதே இல்லை. பக்கவாட்டிலும் இதே குறைதான். முன்னிருந்து பின்னாகத் தலையின் ஆழம் அதன் உயரத்தைவிடச் சற்றே குறைவு. ஆனால் பிடரிப் பக்கம் தட்டையாகவே பல தலைகள் முடிந்துவிடுகின்றன. கண்ணை ஒரு பாதாம் வடிவமாக முகத்தில் வரைந்துவிடுவது இன்னொரு பிழை. கண் என்பது சுமார் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளம். முதலில் கோளத்தைக் குழிக்குள் வைத்து, அதன்மேல் இமைகளைத் தடிப்போடு படியவைக்க வேண்டும். வெளிக்கடைக்கண் உட்கடைக்கண்ணைவிடப் பின்தள்ளி இருக்கும். உதடுகளுக்கும் இது பொருந்தும். அவை பல்வரிசையின் வளைவைத் தொடர்ந்து பின்னோக்கி வளைகின்றன, தட்டையான சுவரில் கிடப்பதில்லை.

முழு உடலுக்குத் தலையின் உயரத்தையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். சராசரி மனிதர் ஏழரைத் தலை உயரம், நாயகத் தோற்றம் வேண்டினால் எட்டு. முகத்தின் நீளத்தைத் தாளம் என்ற அலகாக வைத்துச் சிலையின் உயரத்தைக் கணக்கிடும் நம் ஸ்தபதிகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. அளவைவிட முக்கியம், தோலுக்கு மிக அருகில் வரும் எலும்புகள். காறை எலும்பு, முழங்கை முனை, இடுப்பெலும்பின் விளிம்பு, முழங்கால் சில்லு ஆகிய இடங்களில் ஆள் எவ்வளவு பருமனானாலும் எலும்பு தன் இருப்பைக் காட்டும். இவற்றைச் சரியாக வைத்துவிட்டால், நடுவில் வரும் தசைகள் தாமாகவே இடம் தேடிக்கொள்ளும்.

கருவி தரும் வசதிகளில் இரண்டு இங்கே எச்சரிக்கைக்குரியவை. ஒரு பக்கம் செய்தால் மறுபக்கமும் தானே உருவாகும் சமச்சீர் வசதி தொடக்கத்தில் தேவை. ஆனால் எந்த மனித முகமும் இருபுறமும் ஒன்றாக இருப்பதில்லை. முடிக்கும் முன் அதை அணைத்துவிட்டு, ஒரு புருவத்தையோ வாயின் ஒரு ஓரத்தையோ நகர்த்த வேண்டும். அடுத்தது திரையின் கேமரா. மிக அருகில் நின்று எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் ஒடுங்கியும் தெரியும். மென்பொருளின் கேமராவும் அகலக் கோணத்தில் இருந்தால் இதே கோணலைக் காட்டும். அதை நம்பித் திருத்தினால் உருவமே கோணலாகிவிடும். மாதிரிக்கு வைத்திருக்கும் புகைப்படம் தொலைவிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும், திரையின் குவியத் தூரத்தையும் அதற்கேற்ப 85 மில்லிமீட்டர் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சிற்பம் முடிந்தபின் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லட்சக்கணக்கான முகப்புகள் கொண்ட உருவத்தை அப்படியே அசைப்பது கடினம். அதனால் சிற்பத்தின்மேல் ஈரத்துணி போர்த்துவதுபோல், சில ஆயிரம் முகப்புகள் மட்டுமே கொண்ட புதிய மெஷ் ஒன்றைப் படியவைக்கிறார்கள். இதற்கு ரீடோபாலஜி என்று பெயர். கண்ணையும் வாயையும் சுற்றி முகப்புகள் வளையங்களாக ஓடினால்தான் முகம் மடங்கிப் பேசும். இழந்த சுருக்கங்களையும் துளைகளையும் நார்மல் மேப் என்ற படத்தில் சேமிக்கிறார்கள். மேற்பரப்பின் ஒவ்வோர் இடமும் எந்தத் திசையை நோக்குகிறது என்பதை அது நிறங்களாகக் குறித்துவைக்கிறது. ஒளி விழும்போது கணினி அதைப் படித்து, இல்லாத மேடுபள்ளத்தை இருப்பதாகக் காட்டுகிறது. 2004இல் வந்த டூம் 3 விளையாட்டு இந்த முறையைப் பரவலாக்கிய தொடக்ககால எடுத்துக்காட்டு.

அப்படியானால் அரக்கன் முதலா, மனிதன் முதலா? எனக்குச் சரியென்று படும் வரிசை இது. கை பழகும்வரை அரக்கனைச் செய்யலாம், அதில் தவறில்லை. பழகியபின் அங்கேயே தங்கிவிடாமல் ஒரு மண்டையோட்டைச் செய்ய வேண்டும். மண்டையோட்டில் ஒளிந்துகொள்ளத் தோலும் சுருக்கமும் இல்லை. அதன்மேல் தசை சேர்த்து ஒரு முதியவரின் முகம். முதியவரின் முகத்தில் எலும்பு வெளியே தெரியும் என்பதால் இளம் முகத்தைவிட அது எளிது. பிறகு அந்த மனிதத் தலையையே எடுத்து, எலும்பின் அளவுகளை மாற்றி அரக்கனாக்கிப் பார்க்க வேண்டும். புருவ மேட்டைத் தடிப்பாக்கி, தாடையை நீட்டி, அதற்கேற்பத் தசைகளை இழுக்கும்போது, இதுவரை கற்றது எவ்வளவு என்பது கற்பவருக்கே விளங்கும். வேறு வரிசையில் கற்றுத் தேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் மனித உடற்கூறைத் தவிர்த்துவிட்டு இத்துறையில் நிலைத்து நிற்பது கடினம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சில மாதங்கள் மென்பொருளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், பிளெண்டர் போதும். கையில் உள்ள பணத்தில் ஒரு சாதாரண பேனா டேப்லெட் வாங்குங்கள். மிச்சமிருந்தால், மருத்துவ மாணவர்கள் படிப்பதற்கு வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்றை வாங்கி, கையில் எடுத்துத் திருப்பித்திருப்பிப் பாருங்கள்.