அடிபட்டவர் யாரிடம் முறையிடுவது?

சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்களா என்று விசாரிக்க 1854-இல் ஓர் ஆணையம் அமைந்தது. லண்டன் நாடாளுமன்றத்தில் விவகாரம் வெடித்த பிறகு, கம்பெனி அரசு வேறு வழியின்றி அமைத்த ஆணையம் அது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் உறுப்பினர்கள். பெசன்ட் நகரில் நாம் காற்று வாங்கும் எலியட்ஸ் கடற்கரைக்கு அந்த எலியட்டின் பெயர்தான் வைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். மூவர் முன்னும் 1,959 புகார்கள் வந்து குவிந்தன. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, தலையைக் காலோடு சேர்த்துக் கட்டிக் குனிய வைக்கும் அண்ணாந்தாள், கண்ணில் மிளகாய்ப் பொடி என்று வந்தவர்கள் விவரித்ததையெல்லாம் 1855 அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

சித்திரவதை பரவலாக நடக்கிறது என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மட்டும் அதில் பங்கில்லை என்று நற்சான்றும் கொடுத்தது. அதை விட்டுத்தள்ளலாம். அந்த அறிக்கையில் இன்றைக்கும் உறைப்பது வேறொன்று: அடிபட்டவனுக்கு முறையிட இடமில்லை என்ற பகுதி.

ஏன் இடமில்லை? தாமஸ் மன்றோ முன்னின்று செய்த 1816-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி கலெக்டரே மாஜிஸ்திரேட். அவருக்குக் கீழே தாசில்தாரே போலீஸுக்கும் தலைவர். ஊருக்குள் மணியக்காரரும் தலையாரியும். வரியை வசூலித்தவர், திருட்டைத் துப்புத் துலக்கியவர், இரண்டிலும் அடிவாங்கியவன் மனு கொடுக்க வேண்டியவர் எல்லாரும் ஒரே கச்சேரியில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே ஒரு கலெக்டர் இருந்தார், உண்மைதான். ஆனால் அவருடைய கண்ணும் காதும் அதே தாசில்தார்தான்.

இதன் பிறகு வந்ததுதான் 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம். வருவாய்த் துறையிலிருந்து போலீஸ் பிரிந்தது. வில்லியம் ராபின்சன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். தமிழகத்தின் மாவட்டக் காவல் இன்றளவும் அந்தச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது. அது வந்த இரண்டே ஆண்டில், 1857 எழுச்சியின் அச்சம் தணியாத நேரத்தில், 1861 போலீஸ் சட்டம் நாட்டுக்கே வந்தது. 1829-இல் ராபர்ட் பீல் லண்டனில் தொடங்கிய, துப்பாக்கி ஏந்தாத நகரப் போலீஸ் நமக்கு முன்மாதிரி ஆகவில்லை. அடங்காத குடிகளை அடக்க அயர்லாந்தில் வளர்த்த ஆயுதப் படையே முன்மாதிரி ஆனது. சிந்துப் பகுதியில் ஆங்கிலேயத் தளபதி நேப்பியர் 1843-இலேயே அதைச் செய்து பார்த்திருந்தார்.

படை உருவானது, சீருடை வந்தது, பதவி அடுக்கும் வந்தது. 1,959 பேர் கேட்ட முறையீட்டு இடம் மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக ஆட்சியாளர்கள் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார்கள்: போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்த இந்த விதி 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவானது. 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்திலும் 23-ஆவது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. தன் போலீஸ் எழுதி வாங்கிய வாக்குமூலத்தை அரசே நம்புவதில்லை என்று நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகச் சட்டப் புத்தகம் சொல்கிறது. அந்த வாக்குமூலத்தை எப்படி வாங்கினாய் என்று கேட்கத் தனி அமைப்பு மட்டும் வைக்கமாட்டோம் என்றால் என்ன நியாயம்?

அறிக்கைகளுக்குக் குறைவில்லை. லஞ்சமும் அடக்குமுறையும் மலிந்த படை என்றே மக்கள் போலீஸைக் கருதுகிறார்கள் என 1902-03 ஃப்ரேசர் ஆணையம் எழுதியது. 1977-இல் அமைந்த தேசிய போலீஸ் ஆணையம் எட்டு அறிக்கைகள் தந்தது. அவை பரணில் கிடந்தபோது, ஓய்வுபெற்ற டி.ஜி.பி. பிரகாஷ் சிங் உச்ச நீதிமன்றம் போனார். 1996-இல் தொடுத்த வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று ஏழு கட்டளைகள் பிறந்தன. அவற்றில் ஒன்று, போலீஸார் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம். மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

தமிழ்நாடு என்ன செய்தது? 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. அதன்படி மாநிலப் புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும் உறுப்பினர்கள். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். 1816-ஆம் ஆண்டின் கச்சேரியைப் புதுப் பலகை மாட்டித் திறந்திருக்கிறோம்.

கலெக்டர் வேறு துறைக்காரர்தானே, அவர் நடுநிலையாக இருக்கமாட்டாரா என்று கேட்கலாம். கலெக்டர்களின் நேர்மை இங்கே கேள்வியே இல்லை. திருவிழா, தேர்தல், சாலை மறியல், சாதிக் கலவரம் என்று எதற்கும் அவர் எஸ்.பி.யை நம்பித்தான் நாளைத் தள்ள வேண்டும். சட்டம் ஒழுங்கு ஆய்வுக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் படை மீது, மறுநாள் அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதுவும் அந்த எஸ்.பி.யையே உறுப்பினராக வைத்துக்கொண்டு!

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் வணிகர்களான தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது நடந்ததைப் பாருங்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டையே நிலையத்தில் மதிக்கவில்லை. கண்காணிப்பு கேமரா பதிவுகள் அன்றாடம் தானாக அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அவர் அறிக்கை தந்தார். தடயங்களைக் காக்க, காவல் நிலையத்தை வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. குடிகளைக் காக்க 1859-இல் எந்தத் துறையிடமிருந்து போலீஸைப் பிரித்தார்களோ, அதே துறையைப் போலீஸ் நிலையத்துக்குக் காவல் வைக்க வேண்டியதாயிற்று. சுதந்திரமான விசாரணை அமைப்பு ஒன்று தயாராக இருந்திருந்தால் நீதிமன்றம் இப்படி அவசரத்துக்கு ஆள் தேட நேர்ந்திருக்காது. ஐந்து ஆண்டு கழித்து, 2025 ஜூனில், திருப்புவனம் அருகே நகை காணாமல்போன புகாரில் விசாரணைக்குக் கொண்டுபோன கோயில் காவலாளி உயிரோடு திரும்பவில்லை. சாத்தான்குளம் வழக்கைப் போலவே அந்த வழக்கும் சி.பி.ஐ.க்குப் போனது. புகார் ஆணையத்தைத் தேடி யாரும் போனதாகத் தெரியவில்லை.

போலீஸார் தரப்பிலும் நியாயம் உண்டு. இரவு பகல் பாராத வேலை, சங்கம் வைக்க உரிமையில்லாத நிலை, நகையை நாளைக்குள் மீட்டு வா என்ற மேலிட நெருக்கடி. நிலையத்தில் லத்தி உயரும்போது, அதை உயர்த்தச் சொன்ன தொலைபேசி அழைப்பு வழக்கில் வருவதே இல்லை. மாட்டிக்கொள்பவர்கள் காவலரும் ஆய்வாளரும்தான். மேலதிகாரியையும் கூப்பிட்டு விசாரிக்கும் அதிகாரம் கொண்ட ஆணையம் அவர்களுக்கும்தான் பாதுகாப்பு.

நமக்கு முன்மாதிரி தந்த அயர்லாந்து மண்ணிலேயே கதை மாறிவிட்டது. வட அயர்லாந்தில் 2000-ஆம் ஆண்டு முதல் போலீஸுக்கு வெளியே நிற்கும் புகார் விசாரணை அலுவலகம் இயங்குகிறது. விசாரிக்க அதற்கென்றே சொந்த அதிகாரிகள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்தின் 2011 போலீஸ் சட்டம் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியைத் தலைவராக்கியிருக்கிறது. பணியில் உள்ள அதிகாரிகளுக்கும் அதில் இடம் கொடுத்தது குறைதான். ஆனாலும் தலைமை இருக்கையாவது உள்துறையிடம் இல்லை.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டும் இந்தியா இன்னும் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அது டெல்லியின் பொறுப்பு. 2013 சட்டத்தைத் திருத்துவது முழுக்கச் சென்னையின் பொறுப்பு. தமிழக அரசு வரும் சட்டப்பேரவைக் கூட்டத்தொடரிலேயே திருத்த மசோதா கொண்டுவர வேண்டும். உள்துறைச் செயலாளரும் கலெக்டரும் இருக்கும் இடத்தில், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி தரும் பட்டியலிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதிகள் அமர வேண்டும். டி.ஜி.பி.யும் எஸ்.பி.யும் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். ஆணையத்துக்குச் சொந்த விசாரணை அதிகாரிகளும், கேமரா பதிவுகளை உடனே கைப்பற்றும் அதிகாரமும், ஆண்டறிக்கையைப் பேரவையில் வைக்கும் கடமையும் தரப்பட வேண்டும்.